நீ சிரித்தது கடலைப் பார்த்து

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் என் சமையலறை மேசையில் கிடக்கிறது. அச்சு மையின் மணம் இன்னும் போகவில்லை. அட்டையில் நீ. சிவப்புக் கரை போட்ட பட்டுச் சேலை, பின்னால் ஒரு கோயில் கோபுரம், கீழே "பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த தெய்வம்" என்று ஒரு வரி. அப்படியொரு சேலையை நீ வாழ்நாளில் உடுத்ததில்லை. அந்தக் கோபுரம் எந்த ஊரில் இருக்கிறதென்று உன் மகனுக்கே தெரியாது. முகம் மட்டும் உன்னுடையது. அதை எங்கிருந்து வெட்டி எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் படத்தை எடுத்து உன் தொலைபேசிக்கு அனுப்பியவள் நான்.

கனடாவில், ஸ்காபரோவின் அந்தப் பிஸ்கற் தொழிற்சாலையில் எதிரெதிரே நின்று வேலை செய்தோமே, நினைவிருக்கிறதா? பொதி கட்டும் இயந்திரம் யப்பானிலிருந்து வந்தது. அதை விற்றவர்கள் வருடாவருடம் ஒரு கலண்டர் அனுப்புவார்கள். ஒரு வருடம் ஓகஸ்ற் மாதத் தாளில் ஒரு ரயில் நிலையம் இருந்தது. ஒற்றை மேடை, தகரக் கூரை, உட்கார ஒரு நீள மரவாங்கு, அதற்கப்பால் கடல். வேறொன்றுமில்லை. செப்ரெம்பர் பிறந்த பிறகும் அந்தத் தாளைப் புரட்ட நீ விடவில்லை. மனேஜர் புரட்டினான், நீ திரும்பவும் ஓகஸ்ற்றுக்கே கொண்டுவந்தாய்.

உன் கணவர் காலமாகி, வேலையையும் விட்டபிறகு, அஜக்ஸில் மகன் வீட்டில் இருந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் திடீரென்று, "அங்கை போவமோ?" என்றாய். எங்கே என்று நான் கேட்கவில்லை. உன் மகன் கேட்டான்.

"அப்பா போய் எவ்வளவு காலம்? அதுக்குள்ள உங்களுக்கு யப்பான் கேக்குதோ? ஆக்கள் என்னம்மா கதைப்பினம்?"

நானும் அந்த வரவேற்பறையில்தான் இருந்தேன். நீ குரலை உயர்த்தவேயில்லை.

"தம்பி, நான் உன்னட்டைக் கேக்கேல்லை. சொல்லுறன்."

யப்பானில் இறங்கி, அந்தக் கலண்டர் நிலையத்துக்கு ரயில் மாறி மாறிப் போனோம். கடைசி ரயிலில் இருந்தது ஒரேயொரு பெட்டி. அது எங்களை இறக்கிவிட்டு மலைக்குள் மறைந்தது. நிலையத்தில் ஊழியர் எவருமில்லை. அயல்வீட்டு மூதாட்டி ஒருத்தி மேடையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நீ அவளோடு தமிழில் கதைத்தாய். அவள் தன் மொழியில் பதில் சொன்னாள். என்ன விளங்கியதோ, இருவரும் தலையாட்டினீர்கள். அவள் ஆளுக்கொரு தோடம்பழம் தந்துவிட்டுப் போனாள்.

நீ வோபர்ன் கடையொன்றில் என்னோடு வந்து வாங்கிய ஜீன்ஸை முழங்கால்வரை மடித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கில் இருந்தாய். அப்போதுதான் உன் தொலைபேசி அடித்தது.

"அம்மா, சின்னவளுக்குக் காய்ச்சல். நாளைக்கு டேகெயர்ல எடுக்கமாட்டினமாம். எப்ப வாறியள்?"

"மருந்தைக் குடு. நீ லீவு போடு," என்று சொல்லி வைத்துவிட்டாய். கடலைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே, "உப்பிடி நான் எப்பவோ சொல்லியிருக்கலாம், என்ன?" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் நான் படமெடுத்தேன். எங்கள் ரயில் வந்தது. நான் எழுந்தேன், நீ எழவில்லை. "போகட்டும் விடு," என்றாய். பின்னேரம் முழுவதும் அங்கேயே இருந்தோம்.

திரும்பி வந்த பிறகு வீட்டில் எவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை என்றாய். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அந்தக் கடலைப் பற்றி என்னிடம்தான் கதைத்தாய்.

நேற்று உன் நினைவு நாள் மண்டபத்தில், பேச வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். தனக்கென்று ஓர் ஆசையும் இல்லாதவராம் நீ. சபை தலையாட்டியது. நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். எழுந்து, தொலைபேசியில் இருந்த அசல் படத்தை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உது ஆர், பிள்ளை?" என்று ஒரு வயதான அன்ரி கேட்டார்.

"உவதான். புத்தகத்திலை இருக்கிறவதான்."

"ஐயோ, என்ன மாதிரிச் சிரிக்கிறா!"

உன் மகன் ஓடி வந்தான். "அன்ரி, பிளீஸ். இண்டைக்கு அம்மான்ர நினைவு நாள்."

"ஓம் தம்பி. அதுதான் நினைவுபடுத்துறன்."

"ஜீன்ஸோட இருக்கிறா. அட்டையில எப்பிடிப் போடுறது? அதுதான் கொம்பியூட்டரில சேலை உடுத்திவிட்டனாங்கள். முகம் நல்லா இருந்தது அன்ரி."

"ஏன் நல்லா இருந்தது எண்டு யோசிச்சனியோ?"

அவன் படத்தைப் பார்த்தான். "உந்த இடத்தைப் பற்றி அம்மா ஒண்டும் சொல்லேல்லை," என்றான்.

"நீ கேட்டனியோ?"

போகும்போது அவன், அங்கே எடுத்த மற்றப் படங்களையும் அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.

நீ பிள்ளைகளை நேசித்தாய். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுமட்டும்தான் நீ என்றால், என் பக்கத்தில் அந்த வாங்கில் இருந்தது யார்? தெய்வம் என்று சொல்லிவிட்டால் ஒரு பெண் என்ன விரும்பினாள் என்று எவரும் கேட்கத் தேவையில்லை. எவ்வளவு வசதி!

கோபம் காலத்தால் ஆறும் என்கிறார்கள். ஆறவேண்டாம். நீ படவேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன். இன்று காலை மோர்னிங்சைட் பஸ்ஸில், நேற்று மண்டபத்தில் கண்ட பெண்ணொருத்தி பக்கத்தில் வந்து இருந்தாள். "பாவம், தனக்கெண்டு ஒண்டும் கேட்டறியாத சீவன்," என்று பெருமூச்சு விட்டாள். "இல்லை," என்றேன். முன் இருக்கைக்காரரும் திரும்பிப் பார்த்தார். கலண்டரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இறங்கவேண்டிய தரிப்பிடம் கடந்துபோனது. நான் நிறுத்தவில்லை. அவளும் மணியை அடிக்கவில்லை.