சேறு காலை விடும்வரை

என் தேவி அக்கா,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்காமல் விடுகிறேன். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. எழுதுகிறவள் நீ, படிக்கிறவன் நான் என்றுதானே இருந்தோம்? ஆனால் போன மாதம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மற்றவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை. என் அக்கா கரங்கான் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். சுங்கைப்பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்தாள். சிறுநீரகம் கெட்ட பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலிதான். இடது கை இயந்திரத்தோடு இணைந்திருக்க, வலது கைக் கட்டைவிரலால் கைப்பேசியில் ஓர் அறிவியல் நாவலைத் தட்டிக்கொண்டிருந்தாள். பெயர் ‘இரு நிலவுக் காடு’.

அந்தக் கோளுக்கு இரண்டு நிலவுகள். இரண்டும் ஒரே பக்கம் வரும்போது கடல் ஏறி வந்து காட்டை மூடும். அதற்குள் மரங்கள் வேரைப் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்கு நகர்ந்துவிடும். அந்தக் காட்டை அளக்கப் போன ஐந்து பேரில் யார் யார் திரும்பினார்கள் என்பதுதான் கதை. அத்தியாயத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஐந்தே நிமிடத்தில் “படிச்சியா?” என்று கேட்பாய். லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, எண்ணெய்க் கையோடு படிப்பேன்.

பத்தொன்பது அத்தியாயம் வந்தது. இருபதாவது வரவில்லை. அது உன் கைப்பேசியில் இருந்தது. கைப்பேசி உன் கணவரிடம், என் மாமாவிடம் இருந்தது.

உன் கருமாதி முடிந்த அன்றே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ?

“கத கதன்னு தூங்காம கெடந்தா. அதுதான் அவள சீக்கிரமா கொண்டு போச்சு. இன்னும் அது வேணுமா ஒனக்கு?” என்றார் மாமா. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை.

கையில் இருந்ததைப் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினேன். பிடித்திருக்கிறது என்றார். இரண்டு குறை சொன்னார். ஒன்று, முடிவு இல்லை. இன்னொன்று, பதினேழாம் அத்தியாயத்தில் ஒருவன் சேற்றில் புதைகிறான், மூன்றே வரியில் கயிறு போட்டு இழுத்துவிடுகிறார்கள். “எழுதுனவங்க சேத்துல கால் வெச்சதே இல்ல போலிருக்கு,” என்றார். எனக்குச் சுருக்கென்றது. மெர்போக் ஆற்றுமுகத்துப் பாக்காவ் காட்டை, அந்த அலையாத்திக் காட்டைப் பார்க்கவேண்டும் என்று நீ எத்தனை முறை கேட்டாய்? ஒரு நாள் டயாலிசிஸ், மறுநாள் களைப்பு. அடுத்த வாரம் போகலாம்லா என்று சொல்லிச் சொல்லியே நான் நாளைக் கடத்தினேன்.

அந்தச் சேற்றை நானாவது பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். கைப்பேசியைக் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று மாமாவை அழைத்தபோது இதையும் சொன்னேன். “எப்ப போறே? நானும் வர்றேன்,” என்றார்.

தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் உன் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். படகுக்காரர் பாக் மாட், அறுபதைத் தாண்டிய மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். காலையில் நீர் வற்றியிருக்கும், வேரெல்லாம் தெரியும், ஆனால் நீர் திரும்பினால் உடனே கிளம்பிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் மாமா சட்டைப் பையைக் கையால் மூடியபடி உட்கார்ந்திருந்தார்.

பாக் மாட் ஒரு கிளை ஓடைக்குள் திரும்பி, சேற்று மேட்டில் படகை முட்டி நிறுத்தினார். உன் காடேதான் அக்கா. வேர்கள் எல்லாம் இப்போதுதான் நடந்து வந்து நின்ற மாதிரி இருந்தன. மாமா உன் கைப்பேசியை எடுத்தார். “இதுலயே படம் எடுக்குறேன். அவ பாத்த மாதிரி இருக்கட்டும்,” என்று சொல்லிக்கொண்டே, பாக் மாட் தடுப்பதற்குள் இறங்கிவிட்டார்.

நான்கு அடி வைத்தார். ஐந்தாவதில் இரண்டு காலும் தொடைவரை உள்ளே போய்விட்டன.

முதலில் சிரித்தார். காலை உருவப் பார்த்தார். இன்னும் இறங்கியது. நான் கயிற்றை வீசி, அவர் அதைப் பிடித்துக்கொண்டதும் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். உன் பதினேழாம் அத்தியாயத்தில் இழுத்தார்களே, அப்படி. மாமா அலறிவிட்டார். “விடுடா, இடுப்பு பிஞ்சிரும், விடு.”

பாக் மாட் என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினார். இழுக்காதே, சேறு விடாது என்றார் மலாயில். தண்ணீர் வரவேண்டும். தண்ணீர் உள்ளே இறங்கினால்தான் சேறு இளகும். அப்போது மல்லாந்து படுத்து ஒவ்வொரு காலாக எடுக்கலாம். அதற்குப் பெரிய பலகை வேண்டும், வளைவுக்கு அப்பால் மீன் வளர்க்கும் கூண்டில் இருக்கிறது, போய் எடுத்து வரலாம். நீயும் வா, நீயும் இங்கே மாட்டிக்கொண்டால் என் ஒருவனால் இரண்டு பேரைத் தூக்க முடியாது.

ஆளை மூழ்கடிக்க வரும் தண்ணீருக்காகவே காத்திருக்கவேண்டுமாம். இது உனக்குத் தெரிந்திருந்தால் எப்படி எழுதியிருப்பாய்?

“நீ போடா,” என்றார் மாமா. கைப்பேசியை என் பக்கம் எறிந்தார். “இது நனையக் கூடாது. லாக்கு நம்பரு ஒன் பொறந்த நாளு.”

பிடித்துக்கொண்டேன். படகு நகர்ந்தது. இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அக்கா. படகு பின்வாங்கியபோது என் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. நான் பிழைத்தேன் என்ற நிம்மதி மட்டும் இல்லை. உன் கடைசி அத்தியாயம் என் பையில் இருந்தது. வந்த காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த வார்த்தைகளாகவே நினைத்தேன். பதின்மூன்று மாதக் கோபம் அதை எனக்குள் சொன்னது.

திரும்பிப் பார்த்தேன். மாமா எங்களைப் பார்க்கவில்லை. ஓடையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்பாக ஒரு கோடு சத்தமில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். கைப்பேசியை பாக் மாட்டிடம் கொடுத்தேன். படகின் அடிப்பலகை ஒன்றைக் கழற்றிச் சேற்றில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து மாமாவை நோக்கி நகர்ந்தேன். பாக் மாட் மலாயில் திட்டியபடியே பெரிய பலகையை எடுக்கப் படகைத் திருப்பிக்கொண்டு போனார்.

தண்ணீர் முதலில் பலகையின் ஓரத்தை நனைத்தது. பிறகு மாமாவின் இடுப்பு. இயந்திரப் படகின் சத்தம் தேய்ந்துவிட்டது. சின்னச் சின்ன நண்டுகள் ஒவ்வொன்றாக வளைக்குள் போயின.

“அதுல எழுத்து இல்லடா,” என்றார் மாமா திடீரென்று. “கடசியில அவளால தட்ட முடியல. பேசித்தான் வெச்சிருக்கா. பதினோரு ரிக்கார்டு. மொதல்ல உள்ளத போட்டேன். அவ கொரலுக்குப் பின்னால அந்த மெஷினு சத்தம். என்னால கேக்க முடியல. ஒனக்குக் குடுத்தா நீ கேப்ப. நான் கேக்காதத நீ கேக்கப் போறேன்னு அதுவும் புடிக்கல.”

“பேசாதீங்க மாமா, மூச்ச புடிச்சுக்குங்க,” என்றேன்.

தண்ணீர் மார்புக்கு வந்தது. படகு வரவில்லை. அவருக்குப் பின்னால் போய், அக்குளில் கை கொடுத்து, என்மேல் சாயச் சொன்னேன். “முடியாதுடா. மூஞ்சி முழுகிடும்.” சாய மறுத்தார். கெஞ்சினேன். கடைசியில் சாய்ந்தபோது தண்ணீர் காதுவரை வந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டு வலது காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஏதோ இளகிய மாதிரி இருந்தது, கால் மேலே வந்தது. இடது கால் வரவில்லை. ஓர் அலை அவர் வாயை மூடியது. இருமினார். என் பலகை அடியில் அமுங்கிப் போயிற்று, என் முழங்காலும் சேற்றுக்குள் இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் படகுச் சத்தம் கேட்டது.

இப்போது நீர் இருந்ததால் படகு எங்கள் பக்கத்திலேயே வந்தது. பாக் மாட் இரண்டு பெரிய பலகைகளைப் போட்டார். இடது கால் செருப்பைச் சேற்றுக்கே கொடுத்துவிட்டு வெளியே வந்தது. மூவரும் படகில் கிடந்தோம். கொஞ்சம் பொறுத்து மாமா கேட்டார்: “ஏன்டா எறங்குன?” நான் அவர் காலில் இருந்த சேற்றை வழித்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் உன் வீட்டுக்குப் போகிறேன். மாமா சமைக்கிறார், உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. சாப்பிட்ட பிறகு ஒரு ரிக்கார்டு கேட்கிறோம். மெஷின் சத்தம் வரும்போது மாமா எழுந்து போவார். பிறகு கதவோரம் வந்து நிற்பார். போன வாரம் எழாமலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வார்த்தை விடாமல் தட்டுகிறேன். பதினேழாம் அத்தியாயத்தின் மூன்று வரியை மட்டும் நான் எழுதினேன், ஒன்பது பக்கம் வந்துவிட்டது. கோபிப்பாயா?

மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: “என் மச்சான் என்ன விட்டுட்டுப் போகல.” அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன். விட்டுவிட்டுப் போனேன் அக்கா. நூறு அடிக்கு மேலேயே போனேன்.

அதை நாவலில் வேறொருவன் பெயரில் ஒளித்துவைக்க மாட்டேன். இந்தக் கடிதம் அச்சுக்குப் போகும் முன், வரும் ஞாயிறு, மாமாவிடம் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் கிளம்பமாட்டேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
குணா