கீட்டோவுக்குப் போன இரண்டு மூட்டைகள்

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் ரொறன்ரோ சப்வேயில் ஒரு மூட்டை என் மூக்கில் வந்து இடித்தது. வெள்ளைக்காரப் பெடியன் ஒருவன் முதுகில் தொங்கவிட்டிருந்த பெரிய கன்வஸ் பை. மழையில் நன்றாக ஊறியிருந்தது. அவன் திரும்பிய வேகத்தில் அந்த ஈரக் கன்வஸ் மணம் முழுக்க என் முகத்தில். வேறொருவர் என்றால் முறைத்திருப்பார். உன் மூட்டையின் மணமும் இதேதானே, நான் இன்னும் கொஞ்சம் மூக்கை நீட்டி ஆசையாக முகர்ந்தேன். பக்கத்திலிருந்த மனுசி எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டாள். நீ போய் ஆறு மாதமாகியும் உன்னால் எனக்கு வருகிற மானக்கேடு நின்றபாடில்லை.

இதே சப்வேயில்தானே நீ அந்த விசர்க் கதையைத் தொடங்கினாய். இரண்டு பேரும் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தோம். எதிரே ஓர் இளஞ்சோடி, முதுகில் ஆளுக்கொரு மலை, வாயெல்லாம் பல். நீ கண் வெட்டாமல் பார்த்தாய். பெட்டையைத்தான் பார்க்கிறாய் என்று நினைத்தேன். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒளிப்பானேன்.

"மச்சான், உவங்கள் ஏன் சிரிக்கிறாங்கள்?"

"ஊர் சுத்திப் பாக்கப் போறாங்கள் போலை."

"நாங்களும் மூட்டை தூக்கினனாங்கள்தானே. கொழும்பு, மொஸ்கோ, பேர்லின், பிறகு இஞ்சை. எங்கையாவது ஒரு இடத்திலை சிரிச்சனாங்களோ?"

பேர்லின் ஸ்ரேசனில் நான் ஒருதரம் சிரித்த ஞாபகம் இருந்தது. ஆனால் அது பயத்தில் வந்த சிரிப்பு, கணக்கில் சேராது.

"ஒருக்காவெண்டாலும் சிரிச்சுக்கொண்டு மூட்டை தூக்கவேணும்," என்றாய். "ஆரும் கலைக்காமல், சும்மா பாத்திட்டு வாறதுக்கு."

வதிவிடப் பத்திரம் வந்த கையோடு எங்கள் இரண்டு பேருக்கும் தென்னமெரிக்காவிலுள்ள எக்குவடோருக்கு விசா எடுத்தாய். தலைநகரம் கீட்டோ. ஏன் அந்த ஊர் என்று கேட்டதற்கு நீ பள்ளிக்கூட அட்லஸைச் சாட்சிக்கு இழுத்தாய். "பூமத்திய ரேகை பக்கத்தாலை போகுதடா! யாழ்ப்பாணமே அந்த வெக்கையெண்டால் உங்கை எப்பிடியிருக்கும்!" மாசி மாதம், ரொறன்ரோவில் முழங்கால் அளவு பனி. நாங்கள் இருவரும் பெரிய ஜக்கற்றுகளைப் எங்கள் கட்டடத்துப் பதினேழாம் மாடி அன்ரியிடம் ஒப்படைத்துவிட்டு, சாரம், மெல்லிய சேட்டு, அரைக் கிலோ மிளகாய்த்தூள் சகிதம் புறப்பட்டோம். அன்ரி மாடி மாடியாகச் சொன்ன கதை உனக்குத் தெரியாது: "உவை இரண்டு பேருக்கும் அங்கை ஆரோ பொம்பிளை பாத்து வைச்சிருக்கினம். இல்லாட்டி இந்த வயசிலை ஏன் உந்தப் பாடு?" நாற்பது வயது எங்களுக்கு. நான் அந்தக் கதையை மறுக்கவே இல்லை. கொஞ்ச நாள் எனக்கு மதிப்பாக இருந்தது.

கீட்டோ, நுவரெலியாவைவிட உயரமான மலையில் இருக்கிறதென்று அட்லஸ் உனக்குச் சொல்லவில்லைப் போலும். ரொறன்ரோக் குளிருக்குத் தப்பி ஓடி, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பல்லுக் கிடுகிடுக்க நின்ற தமிழர் வேறு யாரும் இருந்தால் எனக்கு எழுதச் சொல்லு.

விமான நிலையத்தில் மானத்தை வாங்கியது நான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி, "என்ன நோக்கத்துக்காக வந்தீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எந்த நாட்டில் எந்த மொழியில் வந்தாலும் என் வாய்க்குப் பதில் ஒன்றுதான் தெரியும். நேராக நிமிர்ந்து நின்று, "சேர், நாங்கள் அகதிகள்" என்று ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டேன். நீ என் காலை மிதித்தாய். "ரூறிஸ்ற்! ரூறிஸ்ற்!" என்று கத்தினாய். அதிகாரி எங்கள் பத்திரத்தையும் ரிக்கற்றையும் புரட்டிவிட்டு, "திரும்பிப் போக ரிக்கற் வைத்திருக்கிற அகதியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்று சிரித்தபடி முத்திரை குத்தினார். உன் வாழ்க்கையில் திரும்பி வரும் ரிக்கற்றோடு நீ போன ஒரே பயணம் அதுதான், மச்சான். போன சித்திரையில் நெஞ்சுநோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அதை எடுக்க மறந்துபோனாய்.

வெளியே வந்ததும் தொடங்கினாய். "நாங்கள் ரூறிஸ்ற் எண்டு எத்தினைதரம் சொல்லிக் கூட்டிவந்தனான்? உன்ரை வாய்க்குப் பூட்டுத்தான் போடவேணும்!" மூன்று நாளும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அதே அருச்சனை.

தங்கின விடுதி முழுக்க மூட்டைக்காரர். இரவுச் சாப்பாட்டு மேசையில் ஒருத்தி அந்த ஊர்க் கோயில்களின் தங்க வேலைப்பாட்டைச் சொல்லி உருகுவாள். அடுத்தவன் கட்டிலிலுள்ள மூட்டைப்பூச்சியைச் சொல்லிச் சொறிவான். ஒருவனுக்குக் கமரா களவு போனது. இன்னொருத்திக்கு மூச்சு முட்டி இரண்டு நாள் படுக்கை. நாங்கள் உருளைக்கிழங்கு சூப்புக்கு மிளகாய்த்தூள் தூவிக் குடித்துக்கொண்டிருந்தோம். ஓர் அவுஸ்திரேலியப் பெடியன், "எவ்வளவு காலமாகப் பயணத்தில் இருக்கிறீர்கள்?" என்று உன்னைக் கேட்டான்.

"எண்பத்துமூன்றிலிருந்து," என்றாய்.

நீ சொன்னது கலவரத்தில் வீட்டை விட்டு ஓடின வருடத்தை; மேசைக்கு அது தெரியாது. "ஐந்து வருடமா!" என்றபடி அவன் எழும்பி வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினான். அன்றிரவு முழுக்க நீதான் அங்கே பெரிய தலை. ஆனால் கட்டிலில் கிடந்து என்னிடம் என்ன சொன்னாய்? "அவங்கள் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்கள் மச்சான். எனக்கு இன்னும் வரேல்லை." நாளை மறுநாள் விமானம். உன்னைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை கோயில் சதுக்கத்தில் புறா பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் யாரோ பிளேட்டால் உன் மூட்டையின் அடியைக் கீறினான். கள்ளனின் அதிர்ஷ்டம், பிளேட் நேரே மிளகாய்த்தூள் பையில். ஒரு சிவப்பு முகில் கிளம்பியது. அவன் தும்மித் தும்மி ஒரு பக்கம் ஓட, விசிலை ஊதியபடி பொலிஸ்காரர் ஒருவர் எங்களுக்கு உதவ ஓடி வந்தார்.

"பொலிஸ்! ஓடடா!"

கத்தியது நீ. எனக்கு மூன்று நாள் ரூறிஸ்ற் பாடம் எடுத்த நீ. பறிகொடுத்த நாங்கள் இரண்டு பேரும், உதவ வந்தவருக்குப் பயந்து, செங்குத்தான தெருவில் ஏறி ஓடினோம். அந்த உயரத்தில் இருபது அடி தாண்டவில்லை, மூச்சு விட்டுப்போயிற்று. ஒரு படிக்கட்டில் விழுந்து கிடந்தோம். பொலிஸ்காரர் ஆறுதலாக நடந்து வந்தார். மிளகாய்த்தூளில் கண்ணீர் வடிய வடிய, உன் மூட்டையிலிருந்து தெருவில் விழுந்த சாரத்தை நாலாக மடித்து உன் கையில் தந்தார். பிறகு கைச்சாடையால் கேட்டார்: கள்ளன் அந்தப் பக்கம், நீங்கள் ஏன் இந்தப் பக்கம்?

நீ என்னைப் பார்த்தாய். உன் தோள் முதலில் குலுங்கியது. நோகுதாக்கும் என்று பயந்துபோனேன். பிறகுதான் சத்தம் வெளியே வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிழிந்த மூட்டை முதுகில் கிடக்க, அப்படியொரு சிரிப்பு. அந்த மனுசனும் கண்ணைத் துடைத்தபடி சேர்ந்து சிரித்தார்.

"மச்சான்," என்றாய், மூச்சு வாங்க. "சிரிக்கிறன், பாத்தியோ? மூட்டையைக் கழட்டாமல் சிரிக்கிறன்!"

"இப்பவெண்டாலும் ஆர் அகதி எண்டு சொல்லு பாப்பம்," என்றேன். நீ கிடந்து உருண்டாய்.

போன கிழமை இங்கே டான்ஃபோர்த் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "சேர்! சேர்!" பொலிஸ் உடுப்பு. என் கால் என்னைக் கேட்காமலே வேகம் எடுத்தது. நாலாவது அடியில் உன் சிரிப்பு காதுக்குள் கேட்டது. நின்றுவிட்டேன். அவர் ஓடி வந்து, நான் விழுத்திய கையுறையை நீட்டினார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"என்ன விஷயம்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை," என்றேன். "இன்றைக்கு நாலு அடியோடு நின்றுவிட்டேன்."