மேனிக்யூர் என்றால் மேனிக்கு வைத்தியம் அல்ல

கோயம்புத்தூர்,
22 மார்ச் 1936, ஞாயிறு.

ரங்கூனில் இருக்கும் என் அருமை மகன் பாக்கியசாமிக்கு அம்மா ஜெயக்கொடி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் இங்கே திடமாக இருக்கிறேன், முழங்கால் வலி கூட எங்கே போனதென்று தெரியவில்லை, அங்கே உன் உடம்பையும் சாப்பாட்டையும் அவர் கையிலேயே ஒப்படைத்திருக்கிறேன். உன் கோபக் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அரிசி மில் ஆபீஸில் வேலை பார்க்கிறவனுடைய அம்மா துரைசானிகள் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பதா, தேவதாஸ் வாத்தியார் வீட்டில் தெரிந்தால் ஜெபமணியை நமக்குத் தருவார்களா, இந்தக் கடிதம் கண்டதும் வேலையை விட்டுவிடு என்று எழுதியிருந்தாய். கண்ணு, கோபத்திலும் உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் விடப்போவதில்லை. ஏன் என்று கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

முதலில் இந்த வேலை எப்படி வந்தது என்று கேள். ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாகக் கட்டுத்துணி அலசிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். கிளப்புக்குப் பக்கத்தில் பென்ட்லி துரைசானி என்று ஒருத்தி சீமைப் பெண்களுக்குத் தலைமுடி திருத்தும் ரூம் வைத்திருக்கிறாள், அவள் நம் மேட்ரனிடம் வந்து மேனிக்யூர் செய்யக் கைசுத்தமான பெண்பிள்ளை ஒருத்தி வேண்டும் என்று கேட்டாள். என் காதில் மேனி என்று விழுந்தது, க்யூர் என்று விழுந்தது, ஆகா மேனிக்கு வைத்தியம், பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு இது தெரியாதா என்று நான் வருகிறேன் என்று முந்திக்கொண்டேன். அதோடு நின்றேனா, தெரு முழுக்கப் பெருமையடித்துவிட்டேன். மறுநாள் விடிந்தால் பக்கத்து வீட்டுப் பாலுசாமி கழுத்தில் படையோடு வந்து நிற்கிறார், பின்னாலேயே ஒருத்தி சிரங்கு பிடித்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் சீமை மருந்து வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு வேலைக்குப் போனால், அங்கே ஒரு கிண்ணத்தில் வெந்நீர், ஒரு குச்சி, ஒரு சின்னப் புட்டி, ஒரு வெள்ளைக்காரியின் பத்து விரல்! மேனி எங்கேயம்மா என்று நான் கேட்டதற்கு துரைசானி சிரித்த சிரிப்பு கிளப்பு வரைக்கும் கேட்டிருக்கும். பாலுசாமி இன்னும் என்னைப் பார்த்தால் மருந்து வந்துவிட்டதா என்றுதான் கேட்கிறார்.

நகம்தானே என்று நினைக்காதே. கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்கிறது தெரியுமா. விரல்களைச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவிட வேண்டும், துடைத்ததும் நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தோலைப் பஞ்சு சுற்றின குச்சியால் மெள்ளத் தள்ள வேண்டும், கிள்ளக் கூடாது, கிள்ளினால் சீழ் கோத்துவிடும், அது எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரிந்த சமாசாரம். அப்புறம் உப்புத்தாள் ஒட்டின பட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும், ரம்பம் அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் நகம் ஏடு ஏடாகப் பிரிந்துபோகும். கடைசியில்தான் சாயம். திறந்தால் வாழைப்பழ வாசம் கமகமவென்று அடிக்கும், எனக்கு முதல் நாள் பசியே எடுத்துவிட்டது. நகத்தின் அடியில் பிறை மாதிரி வெளுப்பாக இருக்கிறதே, அதில் சாயம் படக்கூடாது, அதுதான் இப்போது சீமை நாகரிகமாம். அந்தப் பிறையைத் தொடாமல் வளைத்துப் போடுவதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிடும். முதலில் நான் போட்டது துரைசானிக்குக் காயம் பட்டுக் கட்டுக் கட்டின மாதிரி இருந்தது, பழகிக்கொண்டு வா என்று பழைய புட்டியைக் கொடுத்தனுப்பினாள். என் இடது கையில் நானே போட்டுக்கொண்டேன், வலது கைக்கு என்ன செய்வது? அப்போதுதான் ஜெபமணி வந்தாள். ஆமாம், உனக்கென்று பேசி வைத்திருக்கிற அதே ஜெபமணிதான். தினம் சாயங்காலம் பள்ளிக்கூடத் தையல் கிளாஸ் முடிந்ததும் வந்து, அத்தை இந்தாங்க என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் விரலில்தான் நான் தொழில் படித்தேன். நான் அழித்து அழித்துப் போட, அவள் பார்த்துப் பார்த்து என்னைவிட நன்றாகப் போடப் பழகிவிட்டாள்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னால்தான் என் சந்தோஷம் உனக்கு விளங்கும். பொள்ளாச்சி ரோட்டில் பஞ்சு அரவை ஆலை வைத்திருக்கிறார்களே, அந்த வீட்டு நாச்சியம்மாள் வண்டியில் வந்து இறங்கினார்கள். சாயங்காலம் கலெக்டர் பங்களாவில் டீ பார்ட்டியாம், கட்டைவிரல் நகம் பிளந்து பட்டுச்சேலையில் மாட்டி மாட்டி இழுக்கிறதாம். துரைசானி கத்திரியை எடுத்தாளோ இல்லையோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா நகத்துல இரும்பு படறதாவது, எங்கூட்டு லச்சுமி போயிருமுங்க என்று கையை இழுத்துக்கொண்டார்கள். துரைசானிக்கு ஒன்றும் புரியவில்லை, அந்தம்மாளோ எழுந்து செருப்பைத் தேடுகிறார்கள். நான் ஓடிப்போய், ஏனுங்கம்மா, நான் வெட்டலீங்க, இரும்பே வேண்டாமுங்க, இது வெறும் தாளுங்க, தேய்ச்சு மட்டும் உடறனுங்க என்று உப்புத்தாள் பட்டையை அவர்கள் உள்ளங்கையிலேயே வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், மோந்து கூடப் பார்த்தார்கள். தேய்க்கறதுக்குச் சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலியே என்று தங்களுக்குள்ளேயே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பத்து விரலும் முடித்தேன், சிவப்பு வேண்டாமென்றார்கள், தோல் சுற்றின கட்டையால் தேய்த்துப் பளபளவென்று மெருகேற்றி அனுப்பினேன். திங்கட்கிழமை அவர்கள் வீட்டு நாத்தனார் கொழுந்தியாள் எல்லாரும் இரண்டு வண்டியில் வந்துவிட்டார்கள்! துரைசானி அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, ஏப்ரலில் சீசனுக்குக் குன்னூர் வருகிறாயா, நகவேலை முழுக்க உன் பொறுப்பு, உதவிக்கு ஒரு பெண்ணையும் நீயே பார்த்துக் கூட்டி வா என்று சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது சாமி. இந்த வயதில் ஒருத்தர் உன் பொறுப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

இந்த நேரத்தில்தான் உன் கடிதம். உள்ளே பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன், உன் கல்யாணம் என்னால் கெட்டுப்போனால் நான் எந்த முகத்தோடு ஜெபத்துக்குப் போவேன். ஆனால் ஒளித்து வைத்துச் சம்பந்தம் பண்ண எனக்குத் தெரியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே வாத்தியார் வீட்டுக்கே போய், இப்படி எழுதியிருக்கிறான், நீங்களே படியுங்கள் என்று கொடுத்துவிட்டேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். அப்புறம், உங்க வேலை எங்களுக்கு எப்பவோ தெரியுமுங்க, எம்பொண்ணு பத்து விரலும் செகப்பாக் கோயிலுக்கு வந்தப்பவே ஊருக்கே தெரிஞ்சுபோச்சுங்க, இப்ப உங்க கூடக் குன்னூருக்கு வாரேன்னு நிக்கறா, நான்தான் ரங்கூன்காரரு என்ன சொல்லுவாரோன்னு ரோசனை பண்ணிக்கிட்டிருந்தேன் என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன், கதவுக்குப் பின்னாலிருந்து ஜெபமணி வந்தாள். அத்தை, ஆஸ்பத்திரில சீழ் தொடைச்சா புண்ணியம், இங்க நகம் தொடைச்சா கேவலமுங்களா? கல்யாணத்துக்கு அப்புறமும் நான் இந்த வேலை செய்வனுங்க, ரங்கூன்லயும் துரைசானிக இருப்பாங்கல்லோ, உங்க பையனுக்கு இது ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடச் சொல்லுங்க, நான் வருத்தப்பட மாட்டேன் என்றாள். வருத்தப்பட மாட்டேன் என்றது மட்டும் பொய், எனக்குத் தெரியும். உன் பக்கமாக நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும், அவன் நல்ல பிள்ளை, தெரியாமல் எழுதிவிட்டான் என்று. பேசவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு, என் மகனுக்கு இதைவிட நல்ல பெண் கிடைக்க மாட்டாள், ஆனால் உனக்கு அவனைவிட நல்லவன் கிடைக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டுமானால் இதற்குக் கோபித்துக்கொள்.

ஏப்ரல் முதல் வாரம் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறேன், அதை உன் பதில் நிறுத்தாது. ஜெபமணி என்னோடு ஏறுவாளா என்பதும், டிசம்பரில் நீ லீவில் வரும்போது கோயிலில் யார் பக்கத்தில் நிற்பாய் என்பதும் உன் பேனாவில் இருக்கிறது. பதிலை எனக்கு எழுதாதே, அவள் பேருக்கு வாத்தியார் வீட்டு விலாசத்தில் எழுது. சீக்கிரம் எழுது, கப்பல் தபால் மெள்ளத்தான் வருகிறது. வெயிலில் தலையில் துணி போடாமல் அலையாதே, ராத்திரி பட்டினி படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், என் கைவேலையையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ஜெயக்கொடி.

மறந்துவிட்டேனே, ரங்கூனிலேயே கெம்புக்கல் வைத்து நிச்சய மோதிரம் செய்யப்போகிறேன், விரல் அளவு அனுப்பு என்று போன மாதம் கேட்டிருந்தாய். தினம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவள் நான், அளவு எடுப்பதா கஷ்டம், நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துவிட்டேன். இந்தக் கவரில் வைக்கவில்லை. அதை ஜெபமணி கையிலேயே கொடுத்துவிட்டேன், நீ அவளுக்கு எழுதும் பதிலைப் படித்துவிட்டு அனுப்புவதா வேண்டாமா என்று அவளே பார்த்துக்கொள்வாள்.