மயில் கண் வழியாக ஒரு பைப்

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையிலேயே தகரம் சுடுகிறது. மழைக்கு இன்னும் இரண்டு மாசம்.

ஆர்.ஓ. ஃபில்டர் வந்தேவிட்டது. கம்பெனிப் பெட்டி இல்லை. குர்லாவில் ஒருத்தர் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டி விற்கிறாராம், அவரிடம் எடுத்தது. மாட்டித் தர ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் வீட்டுக்காரர் (இனி வீ.கா.). "தையல் மிஷினையே கழத்தி மாட்டுத கை. இது என்ன, நாலு டியூப்பு." தாராவியில் பாதிப் பட்டறைகளில் மிஷின் இவர் கையால்தான் ஓடுகிறது, உண்மை. தையல் மிஷினுக்குள் தண்ணீர் ஓடாது என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சண்டை வேண்டாம்.

போன மழைக்கு மகள் ப்ரியா மஞ்சள் காமாலையில் படுத்ததிலிருந்து ஃபில்டர், ஃபில்டர் என்று அரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு காலேஜ் பரீட்சை போச்சு, உடம்பு பாதியாச்சு. இந்த மழைக்கு அது வரக் கூடாது. வேறொன்றும் கேட்கவில்லை.

வாங்க: டெஃப்லான் டேப், ஸ்க்ரூ, மூடி போட்ட வாளி, கொத்தமல்லி.

டைரி டிவி மேலேயே இருக்கட்டும். ப்ரியாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. வீ.கா.வுக்கு வரும், ஆனால் வாசிக்க மாட்டார்.

ஏப்ரல் 13, திங்கள்

வெயில் அப்படியே. நான் வேலை பார்க்கும் பைக் கடைக்கு லீவ்.

ஃபில்டர் மாட்ட டிரில் மிஷின் பட்டறையிலிருந்து இரவல். முதல் ஓட்டை ஒழுங்கு. இரண்டாவது ஓட்டையில் மிஷின் சட்டென்று கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வீ.கா. கண்ணை வைத்துப் பார்த்தார். "வெளிச்சம் தெரியுது."

தெரியாமல் என்ன? ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் எசக்கி அக்கா வீடு.

எசக்கி அக்காவும் நானும் பேசி நாலு மாசம். பொங்கலுக்கு முன்னால் நாங்கள் லைனில் மோட்டார் போட்டோம், அவள் குழாயில் தண்ணீர் நூலாகிவிட்டது. தெருவே நிற்கும்போது என்னைத் தண்ணிக் கள்ளி என்றாள். மோட்டார் இந்தத் தெருவில் எத்தனை வீட்டில் இருக்கிறது! நான் மட்டும் கள்ளி.

அவள் வரவில்லை. அவள் வீட்டுக்காரர் அய்யாத்துரை அண்ணாச்சி வந்தார், கையில் காலண்டர். மளிகைக் கடை கொடுத்த முருகன் படம். "சுடலை, சாமி தப்பிச்சுட்டாரு. மயிலுக்குத்தான் ஒரு கண்ணு போயிட்டு."

வீ.கா. தலையைச் சொறிந்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பு தாங்கவில்லை.

அண்ணாச்சி கோபப்படுகிற ஆள் இல்லை. அக்கா இட்லி அவிப்பாள், இவர் சைக்கிளில் மாட்டுங்கா கொண்டுபோய் விற்பார். கடைசியில் அவரே யோசனை சொன்னார். "இதுல வேஸ்ட்டு தண்ணி போவும்லா? ஓட்டையத்தான் போட்டுட்டியே, அந்தப் பைப்ப எங்க பக்கம் விடு. இட்லிச் சட்டி கழுவ ஆவும்."

குளிக்க, துவைக்க என்று எங்களுக்கு இருக்கும் மோரி அறையின் அந்தக் கோடியில். பைப் அடுப்பைத் தாண்டிப் போக வேண்டும். ஆகவே சரி என்றோம். நல்ல தண்ணீர் எனக்கு, சட்டி கழுவுகிற தண்ணீர் அவளுக்கு. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. டைரிதானே, எழுதலாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

மாட்டி முடித்தாச்சு. மூன்று இடத்தில் ஒழுகி, டேப் சுற்றி, திட்டு வாங்கி, நின்றது. சித்திரை ஒன்றாம் தேதி முதல் டம்ளர் சாமிக்கு.

மாட்டுங்காவில் எங்கள் முதலாளி அம்மா வீட்டு ஃபில்டர் நிறைய அரை நாள் ஆகும். எங்களுடையது நான் அரிசி களைந்து உலை வைப்பதற்குள் நிறைந்துவிட்டது. வேஸ்ட் பைப்பில் தண்ணீர் வருவதும் கொஞ்சம்தான். வீ.கா.வுக்குக் கால் தரையில் இல்லை. "ஊருல எல்லாவனுக்கும் வேஸ்ட்டுதான் ஜாஸ்தி. நான் மாட்டுனதப் பாரு." தெருமுனை டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

தண்ணீர் லேசாக உப்பு.

"மினரல்," என்றார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

லைனில் இரண்டு நாளாகக் காற்றுதான். தெருக்காரர்கள் சேர்ந்து டேங்கர் வரவழைத்தோம். போர் தண்ணீர். துவைத்தால் சோப்பு நுரைக்கவில்லை.

ஃபில்டரின் முதல் டப்பாவைத் திறந்து பஞ்சு பார்த்தேன். வெள்ளையாகப் போனது, டீத்தூள் நிறத்தில் வெளியே வந்தது. இதையா இத்தனை வருஷம் குடித்தோம்? கழுவி மாட்டினேன். அடுத்த மாசம் புதுசு.

ப்ரியா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "மம்மி, சச்சி சொல்றேன், இது உப்பா இருக்கு. காலேஜ் கூலர் தண்ணி இதைவிட அச்சா."

"மினரல்மா. ஒடம்புக்கு நல்லது."

"பப்பா, சமுத்திரத்துலயும் மினரல்தான் இருக்கு."

காசு போட்டு வாங்கிய பொருள், உப்பாக இருந்தாலும் கொஞ்ச நாள் இனிக்கத்தான் செய்யும்.

ஏப்ரல் 29, புதன்

கால் வலி. கடையில் லெதர் பை வாங்க ஒரு கூட்டம், கல்யாண் ஊரிலிருந்து, பேரம் பேசியே உயிரை எடுத்துவிட்டார்கள்.

டேங்கர் வரிசையில் காதில் விழுந்தது:

"எசக்கி வீட்டு இட்லி தின்னியா? பஞ்சு."

"உளுந்து மாத்திட்டா போல."

"அண்ணாச்சி இப்பம் ஒம்பது மணிக்கெல்லாம் வெறும் சட்டியோட திரும்பி வாராரு."

ப்ரியாவை அனுப்பி நாலு வாங்கினேன், எனக்கென்று சொல்லாதே என்று சொல்லி. பஞ்சுதான். எரிச்சலாக இருந்தது. நாலையும் நானே தின்றேன்.

மே 3, ஞாயிறு

புழுக்கம். மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

எசக்கி அக்கா வந்தாள்.

வாசலில் நின்று, "பேச்சி, உள்ள வரலாமா?" நாலு மாசத்துக்குப் பிறகு என் பெயர் அவள் வாயில்.

"வாங்கக்கா."

உட்காரவில்லை. கையில் ஒரு சொம்பு. "இதக் குடி."

குடித்தேன். உப்பு துளிகூட இல்லை. தொண்டையில் இறங்குவதே தெரியவில்லை.

"எந்தத் தண்ணிக்கா இது?"

"ஒங்க வேஸ்ட்டுத் தண்ணி."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். லைன் வராத அன்றைக்கு வேறு வழியில்லாமல் எங்கள் வேஸ்ட் பைப் விழும் டிரம் தண்ணீரில் மாவு ஆட்டியிருக்கிறாள். இட்லி பூவாக வந்தது. மறுநாளும் அதே தண்ணீர். மாட்டுங்காவில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது.

"நல்லா இருக்கேன்னு நானும் வாயத் தொறக்கல. நேத்து சொவரு வழியா கேட்டுது. ஒம் மவ உப்புங்கா, ஒம் புருசன் மினரல்ங்காரு. அப்பத்தான் பொறி தட்டுச்சு. நல்லது எங்க பக்கம் வருது, கழிவு ஒங்க பக்கம் போவுது. அந்தப் புள்ள போன மழைக்குப் படுத்துக் கெடந்ததுலா, எனக்கு ராத்திரி சோறு எறங்கல."

இத்தனை நாளும் பிள்ளைக்குக் கழிவையா ஊற்றிக் கொடுத்தேன்? மோரியில் துணி அலசிக்கொண்டிருந்த ப்ரியாவை இழுத்து வந்து வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை. நகம் பார்த்தேன். நல்ல நிறம். "மம்மி, பாகல் ஹோ கயி க்யா?" எனக்குப் பைத்தியமா என்கிறாள். அப்புறம்தான் அவள் கையை விட்டேன்.

அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "ஒன்னயத் தெருவுல வச்சுத் தண்ணிக் கள்ளின்னேன். இப்ப யாருளா கள்ளி?"

இவள் ஒருநாள் இறங்கி வருவாள், வந்தால் இன்னின்ன கேட்க வேண்டும் என்று நாலு மாசமாக மனசுக்குள் பேசிப் பேசி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

"இருங்கக்கா, டீ போடுதேன். இந்தச் சொம்புத் தண்ணியிலயே போடுதேன்."

உட்கார்ந்தாள். பிறகு எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியாது. அவள் இல்லாத நாலு மாசமும் எனக்கு நன்றாகவே இல்லை. அதை அவளிடம் சொல்ல வெட்கம். இங்கே எழுதிவிட்டேன்.

மே 4, திங்கள்

வீ.கா. ஃபில்டர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வெள்ளை டியூப்பு. நான் என்ன செய்ய?"

டேங்குக்குப் போக வேண்டியது வெளியே, வெளியே போக வேண்டியது டேங்குக்கு. அதனால்தான் அந்த வேகம், அதனால்தான் வேஸ்ட் குறைச்சல். டீக்கடை வரை போய்ப் பெருமை அடித்தாரே! மினரல் என்ற சொல் இந்த வீட்டில் இனி யார் வாயிலும் வரக் கூடாது என்று ப்ரியா சட்டம் போட்டிருக்கிறாள்.

டேங்க் வெந்நீரில் கழுவியாச்சு. இரண்டு தரம் நிறைத்து வெளியே விட்டாச்சு. இப்போது சொட்டுச் சொட்டாக நிறைகிறது, எல்லார் வீட்டையும் போல.

"சப்புன்னு இருக்கு," என்றார் முதல் டம்ளரில். ப்ரியா இரண்டாவது டம்ளர் பிடித்தாள்.

அக்கா இட்லிக்கு என்ன செய்வாள்? கேட்டால், "முன்ன எந்தத் தண்ணியில ஆட்டுனேன், அதே தண்ணி போதும்" என்கிறாள். போதாது. நல்ல தண்ணீர் டியூபை இரண்டாகப் பிரிக்க ஒரு டி ஜாயின்ட், அந்தப் பக்கம் ஒரு சின்னக் குழாய் என்று வீ.கா.விடம் சொன்னேன். முனகினார்.

"ஓட்டை போட்டது நீங்க. பெருசாக்குததும் நீங்கதான்."

இந்தத் தடவை காலண்டரைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் மிஷினைத் தொட்டார். முடிந்ததும் அக்கா அதே ஆணியில் மாட்டிவிட்டாள். மயில் கண் வழியாக இப்போது இரண்டு டியூப்: ஒன்று சட்டிக்கு, ஒன்று இட்லிக்கு. டியூபுக்கு சிவப்பு நூல், பச்சை நூல் நானே கட்டினேன்.

மோட்டார் பற்றியும் பேசியாச்சு. லைன் வந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வீடும் இழுக்கக் கூடாது. ஒரு வீட்டில் பிடித்து முடித்ததும் கரண்டியால் சுவரில் தட்ட வேண்டும். பிறகு அடுத்த வீடு.

மே 10, ஞாயிறு

காலையில் சாரல் மாதிரி ஒன்று. ஏமாற்று.

வெகு நாளைக்குப் பிறகு லைனில் நல்ல வேகம். டிரம்மைக் கழுவி, மோட்டார் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்கு இட்லி வேலை, முதலில் அவள் பிடிக்கட்டும்.

தட்டவில்லை. நின்றேன். டிரம்மை இன்னொரு தரம் கழுவினேன். தட்டவில்லை. எவ்வளவுதான் பிடிப்பாள்? பழைய கோபம் மெதுவாக ஏறியது. கடைசியில் ஓட்டையில் வாயை வைத்துக் கேட்டேன், "அக்கா, இன்னுமா நெறையல?"

"ஏட்டி, நான் எங்க புடிச்சேன்? ஞாயித்துக்கெழம ஒனக்குத் துணி கெடக்குமேன்னு கொழாயையே தொறக்கல. நீ தட்டுவேன்னுலா நிக்கேன்."

இரண்டு பேரும் ஓடிப்போய்த் திறந்தோம். அவள் குழாய் ஒரு இருமல். என் மோட்டார் ஒரு உறுமல். லைன் நேரம் முடிந்து தண்ணீர் நின்றுவிட்டது.

அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிறாள், சட்டி ஏதோ கீழே விழுகிறது. எனக்கும் அடக்க முடியவில்லை. ப்ரியா தலை நிறைய ஷாம்பூவோடு மோரியில் நின்று கத்துகிறாள், "மம்மி, பானி!"