சாமை மூட்டைகளின் மேல் இருவர்

கள்ளக்குறிச்சியில் ஆடிட்டர் அலுவலகக் கணினியில் உன் பெயர் திறந்திருந்தது. இயக்குநர் விலகும் காரணம் என்ற இடத்தில் ராஜினாமா, நீக்கம், மரணம் என்று மூன்று சொற்கள், ஒரே அளவு எழுத்தில். "எதுங்க சார்?" என்று கேட்ட பெண், நான் வாயைத் திறக்குமுன் அவளாகவே மரணத்தைத் தேர்ந்தெடுத்தாள். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

கம்பெனி பதிவு செய்ய நாம் இருவரும் வந்ததும் இங்கேதான். நாம் கேட்ட பெயரெல்லாம் வேறு யாருக்கோ போயிருந்தது. "பேரு கெடக்குதுடா, சாமை நம்முளுதுதான?" என்றாய். வெள்ளிமலைச் சாமையை வாங்கி, அரிசியாக்கி, பொட்டலம் போட்டுக் கீழே விற்கும் சின்னக் கம்பெனி. உணவு உரிமம், பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் நீதான் அலைந்தாய். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும் என்று எனக்குச் சொன்னதும் நீதான். பஸ்ஸை விட்டவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்றமாட்டாய்.

அன்று ஏற்றினாய். ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. உட்கார முடியாததால் அவளைச் சாமை மூட்டைகளின் மேல் படுக்க வைத்து, அவள் அம்மாவையும் கூட ஏற்றிக்கொண்டு மலையிறங்கினாய். பாதி வழியில் ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்தது. மூட்டைகளோடு சரிந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் வந்த பஸ் அவர்களைக் கொண்டுபோனது. பெண் குழந்தை. நீ வண்டிக்கு அடியிலேயே போய்விட்டாய்.

இன்சூரன்ஸில் விசாரிக்க வருகிறார்கள் என்றதும், அந்தப் பெண்ணின் அப்பா சங்கராபுரத்தில் உன் வீட்டுக்கே வந்துவிட்டார். "நாங்க வண்டியிலியே ஏறலன்னு சொல்லிட்றோம்மா. உங்களுக்கு வர வேண்டியது வரட்டும்." உன் மனைவி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் இன்சூரன்ஸிலிருந்து வந்தவர் மரியாதையான மனிதர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வண்டியில வேற யாருனா இருந்தாங்களாம்மா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"இருந்தாங்க" என்றாள் அவள். "புள்ளத்தாச்சிப் பொண்ணு. அவங்க அம்மாவும்."

"யோசிச்சி சொல்லுங்க. எழுதிட்டா மாத்த முடியாது."

"இன்னா யோசிக்கறது? அவரு கடைசியா செஞ்சது அதாங்க. அத நடக்கவே இல்லன்னு நான் எப்டி சொல்றது?"

அவர் பேனாவை மூடி, திரும்பத் திறந்து, எழுதினார். நிபந்தனை மீறப்பட்டதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று சில வாரங்களில் பதில் வந்தது. அவள் படித்துவிட்டு அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

நம் மாதிரிக் கம்பெனிக்கு இயக்குநர் இருவராவது இருந்தாக வேண்டும். உன் இடத்துக்கு அவளே வருகிறேன் என்றாள். "மூடிட்டா மலையில யாருண்ணே சாமைய வாங்குவாங்க?" என்று மட்டும் கேட்டாள். இன்று உன் பெயரை எடுத்த கையோடு அவள் பெயரை ஏற்றினார்கள்.

இப்போது வாடகை வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். எனக்கு மலையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீ. அந்த வளைவு வரும்போது கால் தானாகக் கிளட்சை மிதிக்கிறது, கை தானாக இரண்டாம் கியருக்குப் போகிறது. அழுகை வரும் என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறேன். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.