ஃபேன் நின்ற நேரம்

நேற்று மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் என் பேச்சும் நின்றுவிட்டது. போனில் இருந்த உன் தம்பி, "இன்னா மாமா, லைன்ல கீறியா?" என்று கத்தினான். என் கை அதற்குள் ஆணியில் தொங்கும் மாஸ்க்கைத் தேடிப் போயிருந்தது.

உன் கிட்னி கைவிட்ட பிறகு, ரத்தம் சுத்தமாவதற்காக வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் தினமும் நாலு தடவை மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்கினோம். தூசி பறக்கக் கூடாது என்பதால் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, மருந்துத் தண்ணீர்ப் பையை மாட்டி முடிக்கும்வரை இருவரும் பேசாமல் இருக்க வேண்டும். செங்கல்பட்டு வெயிலில் வேர்த்து ஊற்றும். உனக்கு வியர்வைகூடப் பெரிதில்லை, வாயை மூடுவதுதான் தண்டனை. "இந்த நேரம்தான் வூட்ல நிம்மதி" என்று பிறகு சீண்டுவேன். ஃபேன் சுற்றியதும், "யோவ், இன்னா சொல்லிகினு இருந்தேன்?" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவாய். நான் "சொல்லு" என்பேன்.

அந்தக் குழாயை நம்பித்தான் மாமல்லபுரத்தில் உன் சங்குக் கடையை மூடாமல் வைத்திருந்தாய். கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் கழுவித் துடைத்து, மத்தியானப் பையை அங்கேயே மாற்றிக்கொள்வாய்.

ஒரு நாள் இறங்கிய தண்ணீர் அரிசி கழுவியதுபோலக் கலங்கி வந்தது. வலியில் சுருண்டு கிடந்தாய். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து எதற்கும் கேட்கவில்லை. பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா, "இது பூஞ்சைம்மா, அபூர்வமாத்தான் வரும். குழாயை எடுத்தே ஆகணும்" என்றார்.

"ஊறுகா மேல பூக்குமே, அதுவா?" என்று சிரிக்கப் பார்த்தாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "குழாய எடுத்தா வாரத்துல மூணு நாளு ஆஸ்பத்திரி மிஷின்ல கெடக்கணும். கடைய யாரு பாக்கறது? வோணாம்னு சொல்லுய்யா."

நான் சொல்லவில்லை. கடையா பெரிது, நீ இருந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

குழாய் போனது, கடை போனது. உடம்பு தாங்காமல் நீயும் போய்விட்டாய். பூஞ்சை எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியவில்லை. நாம் ஒரு நாள்கூட ஃபேனை நிறுத்த மறந்ததில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நேற்று கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. உன் தம்பி போனை வைத்துவிட்டிருந்தான். ஃபேன் கிறீச்சிட்டபடி சுற்றத் தொடங்கியது. மாஸ்க்கைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். பிறகு வாய்விட்டே சொன்னேன்:

"சொல்லுடி, கேட்டுகினுதான் கீறேன்."