நான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை

ஜூலை 7, 2025 – திங்கள்

மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகிவிட்டது. தைராய்டு அடங்கிவிட்டது என்றுதான் தோன்றுகிறது. நெஞ்சு முன்போலத் துள்ளவில்லை. மே மாதம் கழன்று கழன்று விழுந்த வளையல் இப்போது மணிக்கட்டில் நிற்கிறது.

ஆனால் நடுக்கம்? போனது திரும்பி வந்திருக்கிறது, வேறு மாதிரி. இன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வேனில் ஏற்றி வரும்போது, ஸ்கூடாய் சிக்னலில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஏர்கோன் முழு வேகத்தில் ஓடுகிறது! பின்னால் பதினொரு பிள்ளைகளின் கத்தல். ஒரு மிட்டாயை வாயில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் சரியானது.

வெயில்தான் என்று என் வீட்டுக்காரர் கில்பர்ட்டிடம் சொன்னேன். வெயிலா?

ஜூலை 10 – வியாழன்

வேனைக் கடையோரம் நிறுத்தியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, லோஷினி என் கன்னத்தைத் தட்டி, "ஆன்ட்டி, யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்டது. நடுவில் ஒன்றுமே இல்லை.

ஆறாம் ஆண்டுப் பிள்ளை அவள். போத்தலில் மிச்சமிருந்த மைலோவைக் குடிக்க வைத்து, என் போனை எடுத்து, இன்னொரு பள்ளி வேன் ஓட்டும் சுகுமாறனைக் கூப்பிட்டதும் அவள்தான். அவர் தன் வேனில் வந்து எல்லாரையும் வீட்டில் சேர்த்தார்.

சாயங்காலம் ஒரு பிள்ளையின் அம்மா போன் செய்தார். "குடிச்சிட்டு வண்டி ஓட்டுறீங்களாக்கா?"

"குடிச்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்லா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு சாவியை சுகுமாறனிடம் கொடுத்தேன். காரணம் தெரியும்வரை தொடமாட்டேன். யாரும் பிடுங்கவில்லை, நானே கொடுத்தேன். அது இங்கே எழுத்தில் இருக்கட்டும்.

ஜூலை 12 – சனி

மறுபடியும் வியர்வை. கில்பர்ட்டுக்கு இனிப்புநீர், அதனால் வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருக்கிறது. விரலைக் குத்திப் பார்த்தேன். 2.4. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார். அவர் விரலைக் குத்தினேன். 8.1. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 15 – செவ்வாய்

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரூபினி. சின்ன வயது, நம் பிள்ளை, தமிழிலேயே பேசினார். சாப்பிடாமல் கிடக்கிறேனா, மெலிய ஏதாவது குடிக்கிறேனா என்று கேட்டார். நாள் தவறாமல் மூன்று வேளையும் சோறு என்றேன்.

"டாக்டர், இந்த தைராய்டு மாத்திரைக்கு முன்னாடி எனக்கு இது வந்ததே இல்ல."

"அது தைராய்டுக்கு மட்டும்தான்க்கா. சுகருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

நல்லவேளை (இப்படி எழுதுவதும் வேடிக்கைதான்!) மருந்துக்குக் காத்திருக்கும்போதே அங்கேயே வந்துவிட்டது. இறங்கியிருக்கும்போதே ரத்தம் எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை 24 – வியாழன்

கை நடுங்குகிறது. சுகர் இறங்கவில்லை, பார்த்துவிட்டேன். இது கோபம்.

ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறதாம். டாக்டர் ரூபினி பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வீட்ல யாராச்சும் இன்சுலின் போடுறாங்களாக்கா?"

"என் வீட்டுக்காரர்."

"நீங்க எப்பவாவது… எடுத்துப் போட்டுக்கிட்டதுண்டா? மனசு சரியில்லாதப்ப? சொன்னா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நான் ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்? பதினொரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எனக்கு நானே விஷம் ஏற்றிக்கொள்வேனா? மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் கில்பர்ட் குளிர்பெட்டியைத் திறந்து நின்றுகொண்டிருக்கிறார். தன் இன்சுலின் ஊசிப் பேனாக்களை எண்ணுகிறார்.

"என்னா பண்றீங்க?"

"சும்மா பாத்தேன்."

பத்தொன்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர். சும்மா பார்த்தாராம்.

ஜூலை 25 – வெள்ளி

பேனாக்களைக் காணோம். அவர் வேலைக்கு எடுத்துப்போகும் பையில் வைத்துப் பூட்டிவிட்டார். பூட்டட்டும்.

மத்தியானம் 2.6. இப்போது யார் போட்டது கில்பர்ட்?

ஜூலை 28 – திங்கள்

நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநலக் கடிதத்தை டாக்டர் ரூபினியின் மேசைமேல் வைத்தேன்.

"இதுக்கும் போறேன் டாக்டர், எனக்கு பயமில்ல. ஆனா மொதல்ல என்னை வார்டுல போடுங்க. பையை சோதிங்க, என்னையும் சோதிங்க. ஒரு ஆள உக்கார வச்சுப் பாருங்க. இறங்கலைன்னா நான் பொய்க்காரி. இறங்கிச்சுன்னா காரணத்தை நீங்க தேடணும்."

டாக்டர் வார்டில் சேர்க்கும் பாரத்தை எடுத்து என் பெயரை எழுதினார்.

ஜூலை 29 – செவ்வாய்

பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஜெபமாலைப் பையைக்கூட. கஸ்தூரி என்ற நர்ஸ் மிஸ்ஸிதான் எனக்குக் காவல். கழிவறைக்கும் கூடவே வருகிறார். "கோவிச்சுக்காதீங்கக்கா, ஆர்டர்" என்கிறார். நான் கேட்டு வாங்கிய ஆர்டர் அது, பாவம் அவருக்குத் தெரியாது.

ஜூலை 30 – புதன்

மத்தியானம் சோறும் மீனும் சாப்பிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து விரல் நுனி மரத்தது. வாய் குழறியது. கஸ்தூரி மிஸ்ஸி குத்திப் பார்த்து, "அலமாக்!" என்று எழுந்து ஓடினார்.

2.2. கையில் ஊசியில்லை, பையில் ஊசியில்லை. பக்கத்தில் சாட்சி.

கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது டாக்டர் ரூபினி வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மாத்திரை எப்பக்கா ஆரம்பிச்சீங்க, தேதி சொல்லுங்க."

"மே இருபத்தாறு. நான் மொதல் நாளே சொன்னேன்."

"சொன்னீங்க. நான்தான் கேக்கல." கண்ணைத் தாழ்த்தவில்லை, நேராகப் பார்த்துத்தான் சொன்னார். "நேத்து ராத்திரி படிச்சேன். ரொம்ப ரொம்ப அபூர்வம். இந்த மாத்திரையால சில பேரோட உடம்பு தன்னோட இன்சுலினையே எதிரின்னு நெனச்சுப் பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் தேவையில்லாத நேரத்துல மொத்தமா விட்டுரும். அந்த இன்சுலின் உங்களோடதுதான்க்கா. யாரும் போடல. இப்பவே மாத்திரையை நிறுத்துறோம். உறுதிப்படுத்த ரத்தத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்புறேன்."

அழக்கூடாது என்றுதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 2 – சனி

வீடு. கில்பர்ட் கஞ்சி வைத்திருந்தார். பேனாக்கள் குளிர்பெட்டிக்குத் திரும்பிவிட்டன.

"என்கிட்ட கேட்டிருக்கலாம். எண்ணியிருக்க வேணாம்" என்றேன்.

"பயந்துட்டேன் லூசி."

பயமாம். எனக்கு மட்டும் பயமில்லையா? கஞ்சியைக் குடித்தேன். மன்னிக்கவில்லை.

ஆகஸ்ட் 21 – வியாழன்

கோலாலம்பூரிலிருந்து பதில் வந்துவிட்டது. டாக்டர் சொன்னதேதான். மருந்தின் பக்கவிளைவு என்று என் கோப்பில் எழுதினார். வேறு எங்கும் இந்த மாத்திரையை எனக்குத் தராமலிருக்க ஒரு அட்டையும் தந்தார். மனநலக் கடிதத்தை என் முன்னாலேயே கிழித்தார்.

என்னைக் குடிகாரி என்ற அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "ஓ, அப்படியா" என்றார். அவ்வளவுதான். அவர் பிள்ளை இனி என் வேனில் ஏறாது என்று அதிலேயே தெரிந்தது. ஏறாவிட்டால் போகட்டும்.

ஆகஸ்ட் 31 – ஞாயிறு

3.1. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். மாத்திரை நின்ற பிறகு மெல்லக் குறைகிறது, இந்த வாரம் இறங்கியது இன்று மட்டும்தான்.

செப்டம்பர் 17 – புதன்

மாத்திரை இல்லாததால் நெஞ்சு மறுபடியும் குதிக்கத் தொடங்கிவிட்டது. தைராய்டை அடக்க இன்று கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். ஒரே ஒரு குளிகை. கொஞ்ச நாள் பிள்ளைகள் பக்கம் போகக்கூடாதாம். சரி. இத்தனை நாள் பொறுத்தவள்தானே.

அக்டோபர் 19 – ஞாயிறு

ஏழு வாரமாக நாலுக்குக் கீழே இறங்கவேயில்லை.

நவம்பர் 20 – வியாழன்

ஓட்டலாம் என்று டாக்டர் ரூபினி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுகுமாறன் சாவியை நீட்டி, "ஒம்பது பிள்ளைங்கதான்க்கா இப்ப" என்றார். இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

நவம்பர் 23 – ஞாயிறு

கடலோரம் பொந்தியானில் இருக்கும் கில்பர்ட்டின் தங்கை வீட்டுக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருக்கை வாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்கூடாய் நெரிசலைத் தாண்டும்வரை ரோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பாதி வழியில் பெக்கான் நானாஸ் ஊர் வருவதற்குள் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. ஒரு லாரி ஹாரன் அடித்துப் போனதற்குக்கூட அசையவில்லை.

எழுப்பாமலே கடல் வரை ஓட்டிக்கொண்டு போனேன்.